சிறிய மின்சாரக் கார் வாங்கலாமா? ஒரு கணக்கு

சென்ற மாதம் நான்காம் படிவ வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நீங்கள் மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களாமே?" பள்ளியில் எந்த இரகசியமும் நிற்பதில்லை. ஆம், யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் மைவிக்குப் பதினோரு வயதாகிவிட்டது. குளிரூட்டி இரண்டு முறை பழுதாகி, மூன்றாவது முறைக்கு அறிகுறி காட்டுகிறது.

என் அண்ணனும் இதே யோசனையில் இருக்கிறார். அவர் பாசிர் கூடாங்கில் அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். தஞ்சோங் லங்சாட் தொழிற்பேட்டையில் வேலை. நான் மாசாய் பக்கம் ஒரு தாமானில், தரைவீட்டில் இருக்கிறேன். இருவருமே நாளொன்றுக்குச் சராசரியாக 45 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறோம். இருவரும் விசாரித்ததும் ஒரே காரைத்தான். ஆனால், எனக்கு வந்த விடை வேறு, அண்ணனுக்கு வந்த விடை வேறு. அது எப்படி என்பதுதான் இந்த வாரப் பாடம். படிவம் 3 அறிவியலில் மின்சாரக் கட்டணம் கணக்கிடும் பகுதியை மறந்தவர்கள் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2025 அக்டோபர் இறுதியில் புரோட்டோன் அறிமுகப்படுத்திய இ.மாஸ் 5 என்ற சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் குறைந்த விலை வகைக்கு அறிமுகத்தின்போது 59,800 ரிங்கிட். பேட்டரியின் கொள்ளளவு 30.12 கிலோவாட் மணி. ஒரு முறை முழுதாக மின்னேற்றினால் 225 கிலோமீட்டர் ஓடும் என்கிறது விளம்பரத் தாள். விலை கூடிய வகையில் 40.16 கிலோவாட் மணி, 325 கிலோமீட்டர்.

கிலோவாட் என்பது திறன். கிலோவாட் மணி என்பது சக்தி. தேர்வுத் தாளில் இந்த இரண்டையும் குழப்பாத மாணவரை நான் அரிதாகவே பார்க்கிறேன். ஒரு குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது திறன். வாளியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது சக்தி. சக்தி = திறன் × நேரம். 1 கிலோவாட் திறனுள்ள இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் 1 கிலோவாட் மணி. அந்தக் காரின் பேட்டரி, அப்படிப்பட்ட இஸ்திரிப் பெட்டியை 30 மணி நேரம் சூடாக வைத்திருக்கும்.

இப்போது 30.12-ஐ 225-ஆல் வகுங்கள். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13.4 கிலோவாட் மணி. இது ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த எண். அந்தச் சோதனையில் குளிரூட்டி ஓடுவதில்லை. மத்தியான வெயிலில் குளிரூட்டி இல்லாமல் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போகச் சொன்னால் யார் போவார்? குளிரூட்டி சுமார் 1 கிலோவாட் இழுக்கும் என்று கொண்டால், ஒரு மணி நேர நெரிசலில் கார் அங்குலம் நகராவிட்டாலும் 1 கிலோவாட் மணி போய்விடும். அதே சோதனையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை வேகமாக ஓட்டும் பகுதியும் உண்டு. நகரத்துக்குள் நமக்கு அது தேவையில்லை. ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது. நான் கொஞ்சம் எச்சரிக்கையாக 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முழு மின்னேற்றத்தில் 200 கிலோமீட்டர். நாளுக்கு 45 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு நான்கு நாளுக்குத் தாராளம்.

இந்த 15 கிலோவாட் மணி எவ்வளவு சிறியது என்பதைப் பெட்ரோலோடு ஒப்பிட்டால்தான் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 34 மெகாஜூல் சக்தி இருக்கிறது. என் மைவி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும். 100 கிலோமீட்டருக்கு 6.67 லிட்டர், அதாவது 227 மெகாஜூல். 3.6 மெகாஜூல் ஒரு கிலோவாட் மணி என்பதால், 63 கிலோவாட் மணி! அதே சாலை, அதே ஆசிரியர், அதே பை நிறையத் தேர்வுத் தாள்கள். நான்கு மடங்கு சக்தி. அதில் முக்கால்வாசி வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. ஓடி நின்ற காரின் முன்மூடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு வேறுபாடு பிரேக்கில் இருக்கிறது. ஆட்களோடு சேர்த்துக் காரின் பொருண்மை 1,400 கிலோகிராம், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டர். இயக்கச் சக்தி என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது: 700 × 400 = 280,000 ஜூல். சிவப்பு விளக்கைப் பார்த்து பெட்ரோல் கார் நிற்கும்போது இந்த 280 கிலோஜூலும் பிரேக் தட்டைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. மின்சாரக் காரிலோ, கால் எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் மின்சாரம் உண்டாக்க, அது பேட்டரிக்குத் திரும்புகிறது. எல்லாம் திரும்பாது. பாதி திரும்பினால் 140 கிலோஜூல், அதாவது 0.039 கிலோவாட் மணி. அதில் ஏறக்குறைய 260 மீட்டர் ஓடலாம். மாசாயிலிருந்து பெர்மாஸ் ஜெயா போகும் வழியில் எத்தனை விளக்குகள் என்று எண்ணிப் பாருங்கள். நகரத்துக்குச் சிறிய மின்சாரக் கார் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். நிற்பதே இல்லாததால் திரும்பிவர எதுவும் இல்லை; காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 60-இலிருந்து 110-க்குப் போனால் அந்த விசை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போகும் குடும்பம் 30 கிலோவாட் மணி பேட்டரியை நம்பிக் கிளம்பினால், வழியில் பல முறை நின்று மின்னேற்ற வேண்டிவரும்.

சரி, மின்னேற்றத்துக்கு வருவோம். ஒரு நாள் 45 கிலோமீட்டருக்கு 6.75 கிலோவாட் மணி வேண்டும். மின்னேற்றும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்று கொண்டால், சுவரிலிருந்து 7.5 எடுக்க வேண்டும். வீட்டிலுள்ள சாதாரண மூன்று முள் செருகி போதுமா? 230 வோல்ட் × 10 ஆம்பியர் = 2,300 வாட், அதாவது 2.3 கிலோவாட். 7.5-ஐ 2.3-ஆல் வகுத்தால் மூன்றே கால் மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது செருகினால், தூங்கப் போவதற்குள் முடிந்துவிடும்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்று மணி நேரம் தொடர்ந்து 10 ஆம்பியர் என்பது கைப்பேசிக்கு மின்னேற்றுவது போன்றதல்ல. வெப்பத் திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. செருகியின் தொடுமுனை தளர்ந்து அரை ஓம் தடை ஏற்பட்டால் 100 × 0.5 = 50 வாட். விரல் நுனியளவு இடத்தில் 50 வாட் என்றால், பற்றவைப்புக் கோலின் சூடு. எங்கள் வீட்டில் பழைய நீட்டிப்புக் கம்பி ஒன்றில் கேத்தலும் மின்னடுப்பும் சேர்த்துப் போட்டு, செருகி உருகிப் பழுப்பானதைப் பார்த்த பிறகு நான் இந்தச் சூத்திரத்தை மறப்பதே இல்லை. காருக்கு நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். தனி மின்சுற்று, பதிவுபெற்ற மின்பணியாளர், இரண்டும் அவசியம். சுவர் மின்னேற்றி பொருத்தினால் இந்தக் கார் 6.6 கிலோவாட் வரை ஏற்கும். காலிப் பேட்டரி சுமார் ஐந்து மணி நேரத்தில் நிரம்பும்.

இனி ரிங்கிட் கணக்கு. மாதம் 45 × 30 = 1,350 கிலோமீட்டர்.

மைவிக்கு 90 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் ரோன் 95 லிட்டர் 1.99 ரிங்கிட். ஆக, 179 ரிங்கிட்.

மின்சாரக் காருக்குச் சுவரிலிருந்து 225 கிலோவாட் மணி. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 கிலோவாட் மணிக்கு மேல் போகாத வீட்டுக்குக் கிலோவாட் மணிக்கு 44 சென்னுக்குச் சற்று மேல் வருகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கழிவு உண்டு. பயன்பாடு கூடக் கூட அந்தக் கழிவு சுருங்கும். கார் வந்தால் என் வீட்டுக் கழிவு சுருங்கத்தான் செய்யும். அதையும் சேர்த்து 50 சென் என்று வைத்தேன். 112 ரிங்கிட் 50 சென். மாதம் 66 ரிங்கிட் மிச்சம்.

அண்ணனின் அடுக்குமாடியில் வாகனம் நிறுத்துமிடத்தில் மின்செருகி இல்லை. "மூன்றாவது மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டால் என்ன தம்பி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், இருந்தாலும் மேலே சொன்ன 50 வாட் கதையை ஒரு முறை சொல்லிவைத்தேன். அவருக்கு இருக்கும் வழி விரைவு மின்னேற்ற நிலையம். நான் விசாரித்த நிலையத்தில் கிலோவாட் மணிக்கு 1.30 ரிங்கிட். மாதம் 202.5 கிலோவாட் மணிக்கு 263 ரிங்கிட். பெட்ரோலைவிட 84 ரிங்கிட் அதிகம்! பெட்ரோல் லிட்டர் 2.60-க்கே போட்டாலும் 234 ரிங்கிட்தான். அப்போதும் அண்ணனுக்கு நட்டம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில், ஒரு சம்பளம். மாதம் 84 ரிங்கிட் அவருக்குச் சிறிய தொகையில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. அவர் வேலையிடத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கார் சும்மா நிற்கிறது. அங்கே ஒரு மூன்று முள் செருகி கிடைத்தால்? 2.3 × 8 = 18.4 கிலோவாட் மணி. பத்தில் ஒரு பங்கு வீண் போக 16.5. அதில் 110 கிலோமீட்டர் ஓடலாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை செருகினாலே போதும்; கட்டணத்தைத் தொழிற்சாலை அவரிடமே வசூலித்துக்கொள்ளட்டும். நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை பழைய கார்தான்.

என் 66 ரிங்கிட்டைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு 10,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று கொண்டால், அதை ஈடுகட்ட 150 மாதங்களுக்கு மேல் ஆகும். பன்னிரண்டரை ஆண்டு! இயந்திர எண்ணெய் மாற்றும் செலவு இல்லை என்பதால் கொஞ்சம் குறையலாம். சேமிப்பு ஒன்றுக்காக மட்டும் வாங்குகிறவருக்கு, உதவித்தொகைப் பெட்ரோல் இருக்கும்வரை நான் இதைச் சொல்ல மாட்டேன். பேட்டரியை வாடகைக்குக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. 2025 டிசம்பரில் வந்த பெரோடுவா கியூவி-இ காருக்கு விலை 80,000 ரிங்கிட், பேட்டரிக்கு வரி தவிர்த்து மாதம் 275 ரிங்கிட், ஒன்பது ஆண்டுகள். 275-ஐ 108-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசுங்கள்.

"மின்சாரமும் எங்கோ எரித்துத்தானே வருகிறது, சார்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. எங்கோ அல்ல, ஒரு பகுதி நம் ஊரிலேயே. 2021-இல் பாசிர் கூடாங்கில் 1,440 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று முழுமையாக இயங்கத் தொடங்கியது. முதலில் எரிவாயு விசையாழியைச் சுழற்றுகிறது. வெளியேறும் சூடான புகை நீரை நீராவியாக்கி இரண்டாவது விசையாழியைச் சுழற்றுகிறது. இத்தகைய நவீன நிலையங்கள் எரிபொருள் சக்தியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை மின்சாரமாக்குகின்றன. வழியில் உள்ள இழப்புகளைக் கழித்தாலும் சக்கரத்துக்கு 40 விழுக்காடு போல் வந்து சேரும். பெட்ரோல் காரில் கால்வாசிதான். ஆனால் பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பின்னில் எரிவது நிலக்கரி. அங்கிருந்து வரும் மின்சாரத்துக்கு இந்தப் பெருமை இல்லை. கரியமில வாயுக் கணக்கில் பெட்ரோலைவிடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. தீபகற்பத்தின் மின்கம்பிகளில் இரண்டும் கலந்தே ஓடுகின்றன.

புகை வெளியேறும் இடம் மட்டும் நிச்சயமாக மாறுகிறது. காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் கார் வரிசையில் யார் சுவாசிக்கிறார்கள்? நீங்கள்தான். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்ட ஊர் இது. கார்ப் புகை அந்த அளவு நஞ்சு அல்ல. இருந்தாலும் காற்றைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் வாங்குவேனா? மைவியின் குளிரூட்டி மூன்றாவது முறை நின்றால் வாங்குவேன். மின்பணியாளரை வரவழைத்து வீட்டு மின்சுற்றைப் பார்க்கச் சொல்லியாகிவிட்டது.

உங்களுக்கான வேலை: வீட்டுக் கார் ஒரு வாரம் ஓடிய தூரத்தை ஓட்டமானியிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாத மின்கட்டண அறிக்கைகளை எடுத்து, உங்கள் வீட்டில் ஒரு கிலோவாட் மணிக்கு உண்மையில் எத்தனை சென் வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி, இழப்பு பத்தில் ஒரு பங்கு. கார் இரவில் எங்கே நிற்கிறது, அதற்கு மிக அருகிலுள்ள செருகி எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் விரைவு மின்னேற்ற நிலையத்தின் விலையைப் போட்டு ஒரு கணக்கும், 2.3 கிலோவாட் பொதுச் செருகி கிடைத்தால் என்ற ஒரு கணக்கும் செய்யுங்கள்.