சாலையின் பிடிப்பை அளப்பது எப்படி?

மாணவர்களே! ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் வண்டி நிற்கிறது. அதை நிறுத்துவது பிரேக்தான் என்பீர்கள். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசை. இந்த விசையை, சாலையின் மீது செங்குத்தாக அழுத்தும் விசையால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் குணகம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வை எதிர்த்துச் செலவானால்,

நிற்கும் தொலைவு = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம்)

வண்டியின் நிறை இருபுறமும் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்போம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்வோம். உலர்ந்த சாலையில் குணகம் 0.8 என்றால் வண்டி 25 மீட்டரில் நிற்கும். மழையில் நனைந்து, குணகம் 0.4 ஆகிவிட்டால் 50 மீட்டர் தேவை. முன்னே 25 மீட்டரில் ஒரு சிறுவன் சாலையைக் கடக்கிறான். உலர்ந்த சாலையில் அவனருகே வண்டி நின்றுவிடும். நனைந்த சாலையிலோ, அதே இடத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. இருக்கும்! எனவேதான் பொறியாளர்கள் சாலையின் பிடிப்பை அளந்து பார்க்கிறார்கள்.

இதற்கு எளிய கருவி ஊசல். 1940-களில் அமெரிக்காவில் உருவான இக்கருவியை, பின்னர் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக்கூடம் சாலைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தது. ஊசலின் கையைக் கிடைமட்டமாக உயர்த்தி விடுவார்கள். அதன் நுனியிலுள்ள ரப்பர்த் துண்டு, நனைக்கப்பட்ட சாலையைச் சுமார் 12.5 செ.மீ. நீளத்துக்கு உரசிக்கொண்டு மறுபுறம் எழும்பும். உராய்வு மிகுந்தால் இழக்கும் ஆற்றலும் மிகும். ஊசல் எழும்பும் உயரம் குறையும். அந்த உயரத்தை ஒரு முள் அளவுகோலில் காட்டும். முள் 55 காட்டினால், குணகம் ஏறத்தாழ 0.55 எனலாம்.

நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் அளக்க வேறு முறை உண்டு. ஒரு லாரியில், செல்லும் திசைக்கு 20 பாகை சாய்த்துச் சோதனைச் சக்கரம் ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் முன் நீர் தெளித்தபடியே லாரி ஓடும். சக்கரத்தின் மீது பக்கவாட்டில் ஏற்படும் விசையைக் கருவிகள் பதிவு செய்யும்.

சாலை ஏன் பிடிப்பை இழக்கிறது? ஓயாமல் ஓடும் டயர்கள் ஜல்லியின் முகத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடுகின்றன. கற்களுக்கு இடையே பள்ளம் குறைந்தால் மழைநீர் ஒதுங்க வழியிராது. இப்பள்ளத்தின் ஆழத்தை மணலாலேயே அளக்கலாம். 25 கன செ.மீ. மணலைச் சாலையில் வட்டமாகப் பரப்பித் தேய்க்கும்போது விட்டம் 20 செ.மீ. வந்தால், பரப்பு 314 சதுர செ.மீ.; சராசரி ஆழம் சுமார் 0.8 மி.மீ. குறை தெரிந்ததும், எளிதில் வழுவழுப்பாகாத ஜல்லியைக்கொண்டு புதிய மேற்பரப்பு இடுவார்கள். வளைவுகளும் சந்திப்புகளும் இதில் முதலிடம் பெறும்.

செய்து பாருங்கள்: ஒரு பலகையின் மீது ரப்பர்ச் செருப்பை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு நழுவத் தொடங்கும்போது, உயர்ந்த முனையின் உயரத்தை அடிப்பக்க நீளத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். பலகையை நனைத்து மீண்டும் செய்யுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு, நிற்கும் தொலைவு எத்தனை மடங்காகும் என்று கணக்கிடுங்கள். சோதனையை வீட்டிலேயே செய்யுங்கள்; சாலையில் வேண்டாம்!