விமானியின் முதல் தேர்வு

புக்கிட் பெருவாங்கிற்கு அருகிலுள்ள பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று இயங்கி வருகிறது. இத்தகைய கழகத்தில் பயின்று உரிமம் பெற்றவர், விமான நிறுவனத்தில் சேர்ந்ததும் இரு கேள்விகளை எதிர்நோக்குகிறார்: எந்த விமானம்? எந்தத் தளம்?

உரிமம் இருந்தாலும் எல்லா விமானங்களையும் ஓட்ட இயலாது. ஒவ்வொரு பயணிகள் விமான வகைக்கும் தனித் தகுதிப் பயிற்சி தேவை. ஏறத்தாழ 70 பேர் பயணிக்கும் ஏடிஆர் விமானத்தின் துணை விமானி, ஒரே நாளில் பலமுறை மேலேறித் தரையிறங்குவார். அதனால், கைத்திறன் விரைவில் வளரும். கடல்கடந்து நெடுந்தொலைவு பறக்கும் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் அனைத்துலக அனுபவம் கிட்டும். ஆனால், தரையிறக்கும் வாய்ப்பு குறைவு.

தளம் என்பது விமானியின் பணி தொடங்கி முடியும் நிலையமாகும். கோலாலம்பூரைத் தளமாகப் பெற்றவர், ஓய்வு நாளில் சாலை வழியாகவே மலாக்காவிலுள்ள பெற்றோரைக் காணலாம். கோத்தா கினபாலுவில் இருப்பவரோ கடல் கடந்து வர வேண்டும்.

பல நிறுவனங்களில் பணிமூப்பு உடையோருக்கே முன்னுரிமை. எஞ்சியதே புதியவருக்குக் கிடைக்கும். ஆகவே, விமானத்தின் அளவைக் கண்டு மயங்காமல், எதைக் கற்கலாம், எதை இழக்க நேரும் என ஆராய்ந்து விருப்பங்களை வரிசைப்படுத்துவதே அறிவுடைமை.