பாய்மரப் படகில் பண்டிகை வந்தால்

கிழக்குக் கரீபியனில் நவம்பரோடு புயல் காலம் முடிந்ததும் பாய்மரப் படகுகள் தீவு தீவாகக் கிளம்பிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாம் நங்கூரம் போட்ட இடத்திலேயே வரும். படகையே வீடாக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும் சில குறிப்புகள்:

1. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை கிழக்குக் காற்று வலுத்து, மணிக்கு 25 கடல்மைல் வேகத்தையும் தாண்டி நாள்கணக்கில் ஓயாமல் வீசும். மாலுமிகள் இதைக் 'கிறிஸ்துமஸ் காற்று' என்பார்கள். எந்தத் தீவில் பண்டிகையோ, அங்கே ஒரு வாரம் முன்பே போய் நங்கூரம் போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் இடத்தை உறுதியாகச் சொன்னால் தேதியைச் சொல்லாதீர்கள். தேதியைச் சொன்னால் இடத்தைச் சொல்லாதீர்கள். அவர்களுடைய விமான டிக்கெட்டுக்காகக் கெட்ட வானிலையில் பாய் விரிக்கவே கூடாது.

2. புது நாட்டுக்குள் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்றி, குடியேற்றமும் சுங்கமும் முடிந்தபிறகே இறக்க வேண்டும். பல தீவுகளில் ஞாயிறு, விடுமுறை நாள்களில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். டிசம்பர் 26ஆம் தேதியும் பல தீவுகளில் விடுமுறை. வேலைநாள் காலையாகப் பார்த்துப் போய்ச் சேருங்கள்.

3. அட்டைப் பெட்டியைப் படகில் ஏற்றாதீர்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும். சாமான்களைக் கரையிலேயே பிரித்துத் துணிப்பைக்கு மாற்றுங்கள். வாழைத்தாரைக் கடல்நீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.

4. முட்டை வாங்கும்போது கழுவாத, குளிர்பெட்டியில் வைக்காத முட்டையாகக் கேளுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் மூன்று நான்கு வாரம்கூடத் தாங்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டே கேக் மாவில் சேருங்கள். ஒரு கெட்ட முட்டையால் மொத்த மாவும் போனால், நடுக்கடலில் வேறு மாவுக்கு எங்கே போவது? வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியே வையுங்கள். சேர்த்து வைத்தால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும்.

5. தண்ணீர்தான் படகின் பெரிய சொத்து. விருந்து முடிந்து பாத்திரம் குவிந்தால் முதல் இரண்டு அலசலும் கடல்நீரில். கடைசியாக, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றி, தட்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாக நாலு தரம் அடியுங்கள். உப்பு வழிந்து இறங்கிவிடும், செலவாகும் தண்ணீரோ ஒரு வாய்க்குக்கூடக் காணாது. படகுகள் நெருக்கமாக நிற்கும் துறையில் இந்தக் கடல்நீர் வேலை வேண்டாம். கழிவறைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் கலக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தையும் துறைக்கு வெளியே தெளிந்த நீரில் ஓட்டுங்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீர் அதன் சவ்வைப் பாழாக்கிவிடும்.

6. பிரஷர் குக்கர் அவசியம். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் கொதிநீர் மேலே கொட்டாது, காஸும் மிச்சம். சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம். படகில் அது அடித்தளத்தில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். இதில் அலட்சியமே கூடாது.

7. இட்லி மாவு அந்த வெப்பத்தில் வெகு சீக்கிரம் புளித்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பொங்குவதற்கும் இடம் வேண்டும், படகு ஆடும்போது அலம்புவதற்கும் இடம் வேண்டும்.

8. மார்ட்டினிக், குவாதலூப் சந்தைகளில் 'கொலம்போ' என்ற மசாலாப்பொடி கிடைக்கும். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு வாசனை மூக்கில் ஏறும்போதே ஊர் ஞாபகம் வந்துவிடும். 1853இல் மார்ட்டினிக்குக்கும் அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் வழிபாடு இன்னும் இருக்கிறது. ஜனவரியில் அந்தப் பக்கம் இருந்தால் பொங்கல் குழம்புக்கு இந்தப் பொடியையே போடுங்கள். பூசணியும் சேப்பங்கிழங்கும் சந்தையிலேயே கிடைக்கும். செயின்ட் வின்சென்ட் பக்கம் போனால் சீமைப்பலா வாங்காமல் வராதீர்கள். 1793இல் கேப்டன் பிளை கப்பலில் கன்றுகளாகக் கொண்டுவந்து இறக்கியது அது. வாங்கும் முன் கடைக்காரருக்குக் காலை வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

9. பாய்மரத்தில் வண்ண விளக்குத் தொங்கவிடலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பும் பச்சையும் வேண்டாம். கடலில் சிவப்பு படகின் இடப்பக்கத்தையும் பச்சை வலப்பக்கத்தையும் காட்டுபவை. இருட்டில் வருகிறவர் உங்கள் படகு ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துவிடலாம். உச்சியில் எரியும் வெள்ளை நங்கூர விளக்கை எந்த அலங்காரமும் மறைக்கக் கூடாது. பண்டிகைக்கு அகல் வேண்டாம், பேட்டரி விளக்கே போதும். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியின் பெட்ரோல் கேன் தளத்தில்தான் இருக்கும்.

10. கடற்கரையில் விருந்துக்குத் தீ மூட்டும் முன் விறகைப் பாருங்கள். சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மான்ஷினீல் மரம் கொடிய விஷம். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், புகை கண்ணைக் கெடுக்கும். மழைக்குக்கூட அதனடியில் ஒதுங்காதீர்கள். சில இடங்களில் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இருக்காது. குழந்தைகளுக்குக் காயை அடையாளம் காட்டிவிட்டு விளையாட விடுங்கள்.

11. ஆபத்தை அறிவிக்கும் ஒளிவெடிகள் காலாவதியானாலும் அவற்றைப் புத்தாண்டு இரவில் கொளுத்தாதீர்கள். நிஜமாகவே யாரோ ஆபத்தில் இருப்பதாகத் தேடக் கிளம்புவார்கள்.

12. ஊருக்கும் கிழக்குக் கரீபியனுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பொங்கலன்று காலை 6 மணிக்கு அம்மாவிடம் பேச வேண்டுமென்றால், நீங்கள் போகி இரவு 8.30க்கே கூப்பிட வேண்டும்.

13. பண்டிகை விருந்தைப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பதார்த்தம், தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும், கழுவும் தண்ணீர் யாருக்கும் பாரமாகாது. வானொலியில் 16ஆம் சேனலில் கூப்பிட்டு, உடனே 68, 72 போன்ற வேறு சேனலுக்கு மாறிப் பேசுங்கள். 16 கூப்பிடுவதற்கும் ஆபத்து அழைப்புக்கும் மட்டுமே. தனியாகப் பாய் ஓட்டி வருகிறவர் ஒருவராவது துறையில் இருப்பார். அவர் வானொலியைக் கேட்காமல் இருக்கலாம், கேட்டும் கூச்சப்பட்டு வராமல் இருக்கலாம். டிங்கியில் நேரில் போய் அழையுங்கள். தேங்காய் உடைத்துத் தருவது, ஐஸ் கொண்டுவருவது என்று ஒரு சின்ன வேலையையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள், கட்டாயம் வந்துவிடுவார்.