வேலை தேடும் நேரத்தில் செடி வளர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. தாராவி 90 அடி சாலையில் வளர்ந்தவன். இப்போது செம்பூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பதினேழு வருடம் ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். மார்ச்சில் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. காலையில் ஜன்னல் கிரில்லில் இருக்கும் செடிகளோடு நிற்கும்போதுதான் மூச்சு ஒழுங்காக வருகிறது. இன்டர்வியூ முடிந்து பதில் வராமல் போகிற ஒவ்வொரு தடவையும் மாட்டுங்காவில் இறங்கி ஒரு செடி வாங்கி வந்துவிடுவேன். கிரில்லில் இப்போது இடமே இல்லை. வாங்கிய ரோஜாக்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் சொட்டுகிறது என்று சொஸைட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். "வேலை வெட்டி இல்லாதவனுக்குச் செடி ஒரு கேடா?" என்கிறார் அம்மா. நேரத்தை வீணடிக்கிறேனா? அல்லது இதையே நர்சரித் தொழிலாக ஆக்கிக்கொள்ளலாமா?
— வாசகர், செம்பூர்

பதில்: வீணடிக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பிப் பிழைத்தது. 1930 வாக்கில் ஆலையை மூடிவிட்டார்கள். மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே போய் ஆராய்ந்து 1933-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வேலை போனவனுக்கு நேரம் கிடைக்கும், நாலு புத்தகம் படிப்பான், ஊர்க்காரியம் பார்ப்பான் என்றுதானே நினைப்போம்? அங்கே நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஆண்களின் நடை தளர்ந்தது, தெருவில் நின்று நின்று போனார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்ததையும் சாப்பிட்டதையும் தவிர அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். உலையும் பிள்ளைகளும் அவர்களைச் சும்மா இருக்கவிடவில்லை. அந்த ஊரில் பல குடும்பங்களுக்குச் சின்னச் சின்னத் தோட்டத் துண்டுகள் இருந்தன. உருளைக்கிழங்கு போடவே இடம் போதாத நிலையிலும் சிலர் அதில் பூச்செடி வைத்திருந்தார்கள்.

உங்கள் சம்பளம் நின்றது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலை லோக்கல், மதியச் சாப்பாடு, மாதக் கடைசிக் கணக்கு என்று பதினேழு வருடம் உங்களை இழுத்துக்கொண்டு போன நேர ஒழுங்கும் அதோடு நின்றுவிட்டது. அது யார் கண்ணிலும் படுவதில்லை. விடிந்ததும் தண்ணீர் கேட்கிற செடி அந்த ஒழுங்கில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். ஒரு கட்டுக் கீரையைக் கையில் கொடுத்தால் போதும்.

இனி அந்த வரி. பதில் வராத ஒவ்வொரு தடவையும் ஒரு செடி வாங்குகிறீர்கள். அதை நிறுத்துங்கள். ஏமாற்றத்துக்கு மருந்தாக வாங்கிய ரோஜா பட்டுப்போகும்போது ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. அதுவும் மனைவியின் சம்பளத்தில்.

ரோஜா சாவதற்குக் காரணம் உங்கள் கைராசி இல்லை. மும்பையில் விற்கிற செடிகள் பெரும்பாலும் செம்மண் உருண்டையோடு வரும். லாரியில் உதிராமல் இருக்க அந்தக் களிமண் வசதி. தொட்டியில் அப்படியே இறக்கினால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து ஓடிவிடும். மேல்மண் ஈரமாக இருக்கும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். இருக்கிற செடிகளை உருவிப் பாருங்கள். உருண்டை கல்லாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, வெளிப்பக்க மண்ணை விரலால் மெதுவாகக் கரைத்துவிட்டு, மண், மட்கிய உரம், தென்னைநார்த் தூள் மூன்றும் கலந்த கலவையில் நடுங்கள். செம்பூரில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆர்.சி.எஃப். உர ஆலை உங்கள் பேட்டைக்காரர்தான் என்றாலும் அவருடைய சுஃபலா உரம் வயலுக்கானது. தொட்டியில் கைப்பிடியாகப் போட்டால் வேர் கருகும்.

புதிதாக எதையாவது வளர்க்க வேண்டும் என்று தோன்றினால் அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். வெந்தயம் இருக்கும். இரவு ஊறப்போட்டு, மூன்று அங்குல ஆழமுள்ள அகலத் தட்டில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். இரண்டு வாரத்துக்குள் கிள்ளலாம். மும்பை மார்க்கெட்டில் சின்னக் கட்டாக, வேரில் மணலோடு 'சமுத்ர மேத்தி' என்று விற்கிறார்களே, அதே பருவம். முற்றவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் முழுக் கீரை. திங்கட்கிழமைதோறும் ஒரு தட்டு விதையுங்கள். விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கிறவருக்கு, சொன்ன வாரத்தில் வந்து நிற்கிற பயிர் ஒன்றாவது வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கும் பசலைத் தண்டையும் புதினாத் தண்டையும் வீசாமல் ஊன்றிவையுங்கள், வேர் பிடிக்கும். கறிவேப்பிலை இப்போது வேண்டாம். அது நிதானமாக வளர்கிற ஜாதி, உங்களுக்கு இப்போது பொறுமை போதிக்க ஆள் தேவையில்லை.

கீழ்வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை தட்டைக் கொட்டிக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், மாநகராட்சி ஆட்கள் முதலில் பார்ப்பதும் தொட்டித் தட்டைத்தான். ஈரமண் நிறைந்த 12 அங்குல மண்தொட்டி 20 கிலோவைத் தாண்டும். கிரில் அதை வரிசையாகத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. பாதியை இறக்கி மொட்டைமாடிக்கு சொஸைட்டியிடம் அனுமதி கேளுங்கள், அல்லது கொடுத்துவிடுங்கள். முதல் கீரைக்கட்டைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அப்போது வேலை தேடுவதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் வயதில் வேலை பெரும்பாலும் யாரோ ஒருவர் வாய்வழியாகத்தான் வரும். வேலை போனவர் முதலில் ஒளிந்துகொள்வதோ ஆட்களிடமிருந்துதான்.

நேரத்துக்கும் வரம்பு வேண்டும். ஏழு மணிக்குச் செடி, எட்டரைக்குக் கை கழுவிவிட்டு மேஜை. பதினோரு மணிக்கு மறுபடி கிரில்லுக்குப் போகத் தோன்றினால், அந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்யத் தயங்குகிறீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் வெளியே போங்கள். தாராவி உங்களுக்குத் தெரிந்த இடம். அங்கே கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்களிடம் நேரடியாகத் தொட்டி வாங்கலாம், கடை விலை கொடுக்க வேண்டாம். அங்கிருந்து மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். சின்ன வயதில் அதைக் குப்பைமேடாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரத்தின் குப்பை கொட்டிய 37 ஏக்கரில் மரம் நட்டு 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது காடு மாதிரி இருக்கிறது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட எழ முடியாத நாட்கள் தொடர்ந்தால் அது என் துறை இல்லை. அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக நர்சரி. மும்பையில் இதற்குப் பெரிய முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுவது மும்பை போர்ட் டிரஸ்ட் கேன்டீன் மாடியை. அங்கே உணவுப் பிரிவு அதிகாரியாக இருந்த ப்ரீத்தி பாட்டீல் 2000-களின் தொடக்கத்தில், கேன்டீனின் காய்கறிக் கழிவை மட்கவைத்து மொட்டைமாடியில் பழமரம் வரை வளர்த்துக் காட்டினார். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நர்சரிக்கு இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், செத்துப்போகிற சரக்கின் நஷ்டத்தைத் தாங்க முதல் வேண்டும். நீங்கள் கணக்குப் பார்த்தவர். இருக்கும் சேமிப்பை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே விடை வந்துவிடும். இப்போது வேண்டாம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்தும் இந்த ஆசை இருந்தால் மறுபடி எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.