தாயிழந்த அணிற்குட்டிக்குப் பாலூட்டல்: புரையேறாமற் காக்கும் முறை

மாரிக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொக்கட்டிச்சோலை முதலிய படுவான்கரைக் கிராமங்களில், தென்னை மட்டையிடுக்கிலும் கிடுகுக் கூரையிலும் கட்டப்பட்ட அணிற்கூடுகள் கீழே விழுதலுண்டு. பழங்கிடுகைக் களைந்து புதிது வேயும்போதும் குட்டிகள் அகப்படும். கண் திறவாத அக்குட்டிகளை வீட்டுச் சிறுவர் எடுத்துவந்து, சிரட்டையிற் பஞ்சு பரப்பிக் கிடத்திப் பால் புகட்டுவர். இரண்டொரு நாளில் குட்டி இறந்துவிடும். பசியால் இறந்ததென்று சொல்லப்படுமாயினும், அவற்றுட் பல ஊட்டிய பாலினாலேயே இறக்கின்றன. பால் இரைப்பைக்குச் செல்லாது சுவாசப்பைக்குட் சென்றதே காரணமாகும்.

உணவுக்குழலும் மூச்சுக்குழலும் தொண்டையில் அருகருகே திறக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ளும். குட்டி விழுங்குமுன் அடுத்த துளி வந்து சேருமாயின் அது மூச்சோடு உள்ளே இழுபடும். இதனையே புரையேறுதல் என்கிறோம். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். விரலளவான குட்டிக்கு அவ்வலிமை இல்லை. உட்சென்ற பாலிற் கிருமிகள் பெருகி நியூமோனியாவை உண்டாக்கும்.

குட்டியைக் கண்டவுடன் பாலைத் தேடவேண்டாம். தாயைத் தேடுங்கள். தாயணில் தன் குட்டியை வாயாற் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுசெல்லும் இயல்புடையது. மனிதர் கை பட்டதனால் அதனை வெறுத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. காயமில்லாத குட்டியைச் சூடேற்றி, ஒரு சிறு கூடையில் வைத்து, விழுந்த மரத்திலேயே கட்டிவிட்டு, பூனையும் காகமும் அணுகாதபடி தொலைவில் நின்று பொழுது சாயும்வரை பார்த்தல் வேண்டும். அணில் பகலில் நடமாடும் பிராணியாகையால் இரவில் அது வருமென எதிர்பார்த்தல் வீண்.

தாய் வாராவிடின் வளர்க்கும் பொறுப்பு உங்களுடையதாகின்றது. குளிர்ந்திருக்கும் குட்டிக்கு ஒரு துளியேனும் ஊட்டலாகாது. குளிர்ந்த உடலில் விழுங்குந் திறன் குன்றியிருக்கும், உண்டதும் சீரணியாது. வெந்நீர்ப் போத்தலைத் துணியாற் சுற்றி அருகே வைத்து, குட்டியின் வயிறு உங்கள் கைக்கு இளஞ்சூடாகத் தோன்றும்வரை காத்திருங்கள். பின்னர் முதலில் வயிற்றோட்டத்துக்கு வழங்கும் ஜீவனி போன்ற நீரேற்றக் கரைசலைப் பொதியிற் கூறிய அளவிற் கலந்து, இளஞ்சூடாக்கிச் சிறிது கொடுக்கவேண்டும். புரையேறினாலும் பாலைவிட இது குறைந்த தீங்கே செய்யும். குட்டி எவ்வாறு விழுங்குகின்றதென்பதும் தெரிந்துவிடும். பசுப்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவே ஏற்றது. அது கிடைக்கும்வரை ஆட்டுப்பால் கொடுக்கலாம்.

ஊட்டுவதற்கு ஊசி நீக்கிய 1 மி.லீ. சிறிஞ்சே தக்க கருவி. பெரிய சிறிஞ்சை எவ்வளவு மெல்ல அழுத்தினும் பால் பீறிட்டு வரும். குட்டியை ஒருபோதும் மல்லாத்திப் பிடியாதீர்கள். மனிதக் குழந்தையைப் போல மடியிற் கிடத்தி ஊட்டுவதே நம்மவர் அதிகம் செய்யும் பிழை. வயிறு கீழாகக் குப்புற இருக்க, தலை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். ஒரு துளியை உதட்டில் வைத்து, அது நக்கி விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த துளியைக் கொடுக்கவேண்டும். ஒரு வேளைக்கு உடல் நிறையின் இருபதில் ஒரு பங்கு போதும். அதாவது 20 கிராம் நிறையுள்ள குட்டிக்கு 1 மி.லீ. மயிர் முளையாத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்டவேண்டும். பேராசையோடு சிறிஞ்சைப் பற்றி இழுக்கும் குட்டியிடமே அதிக எச்சரிக்கை தேவை. ஊட்டிய பின் ஈரப்பஞ்சினால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினாலன்றிச் சிறுநீரும் மலமும் கழியா. தாய் இதனை நாவினாற் செய்யும்.

மூக்கில் பாற்குமிழி தோன்றின் உடனே நிறுத்தி, தலையைக் கீழ்நோக்கிச் சரித்துப் பிடித்து, மூக்கைப் பஞ்சினால் ஒற்றியெடுங்கள். குட்டியை வீசி உதறுதல் கூடாது. மூச்சுச் சீராகும்வரை மறுபடி ஊட்டலாகாது. அதன் பின் மூன்று நாட்கள் கவனித்திருங்கள். குட்டியைக் காதருகே பிடித்தால் மூச்சோடு 'டிக் டிக்' என்னும் மெல்லொலி கேட்பது முதல் அறிகுறி. வாய் திறந்து மூச்செடுத்தல், மூச்சுக்கு மூச்சு விலாவும் வாலும் அசைதல், முரசு நீலித்தல், பால் மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியன நோய் முற்றியதைக் காட்டும். ஒலி கேட்ட அன்றே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். இதற்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து வேண்டும். அதன் அளவு வைத்தியராற் கணிக்கப்படவேண்டியது. வீட்டில் எஞ்சிய மனித மருந்தைக் கரைத்து ஊற்றுதல் ஆபத்து. கை கடிபட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி வைத்தியசாலையிற் காட்டுக.

இளங்காயையும் பழத்தையும் கொறிக்கும் அணிலுக்கு இத்துணை பாடு எதற்கென்று தோட்டக்காரர் கேட்கலாம். இம்முறை அணிலோடு நின்றுவிடுவதன்று. தாயிழந்த ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் போத்தலிற் பால் கொடுக்கும்போது இதே விபத்து நேர்கின்றது. அவை நின்றபடியே, கழுத்து இயல்பாக நீண்டிருக்கக் குடிக்கவேண்டும்; சூப்பியின் துளையைப் பெரிதாக்கலாகாது. மாட்டின் தலையை வானோக்கித் தூக்கி மூங்கிற் குழாயால் மருந்து வார்க்கும் பழக்கமும் அவ்வாறே தீது. மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேல் உயராதிருக்கட்டும். இருமத் தொடங்கினால் தலையை உடனே விட்டுவிடுங்கள். எண்ணெய் வார்ப்பதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். அது இருமலைத் தூண்டாமலே சுவாசப்பைக்குள் இறங்கிவிடக்கூடும்.