பழுதுற்ற டெபியன் அமைப்பை மீட்கும் முறை

யூனிக்ஸ் வழிவந்த கணினி அமைப்புகளில், சிறியனவும் பெரியனவுமான நிரல்களுள் பெரும்பாலானவை ‘சி’ நூலகம் என்னும் பொதுக் கோப்பைச் சார்ந்தே இயங்குகின்றன. தவறான கட்டளையால் அது நீக்கப்படின், ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளும் ஒருங்கே நின்றுவிடும். அப்பொழுது வட்டை அழித்து அமைப்பைப் புதிதாக நிறுவ முற்படுவோர் பலர். பல ஆண்டுக் களப் பதிவுகளும் மாணவர் பதிவேடுகளும் அதனால் அழியக்கூடும்.

1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் அமைப்பைச் சான்றாகக் கொள்ளலாம். இதில் மென்பொருள்கள் தொகுப்புகளாக நிறுவப்படுகின்றன. பயனரின் கோப்புகளோ ‘ஹோம்’ அடைவில் தனியே உள்ளன. தொகுப்புகளை நீக்குவதால் அவை அழிவதில்லை. ஆதலின் பழுதுபட்ட பகுதியை மட்டும் சீர்செய்தல் போதுமானது.

முதலாவதாக, கணினியை நிறுத்தலாகாது. திறந்துள்ள ஷெல்லையும் மூடலாகாது. ஒரு கோப்பு நீக்கப்பட்டாலும், அதனைப் பயன்படுத்தும் நிரல் முடியும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் நிலைத்திருக்கும். ஆகவே, முன்னரே இயங்கிவரும் ஷெல் தொடர்ந்து பணிபுரியும். ‘எக்கோ’ என்பது ஷெல்லின் உள்ளமைந்த கட்டளை. அதனுடன் உடுக்குறி இட்டால் அடைவிலுள்ள பெயர்கள் தோன்றும்.

இரண்டாவதாக, ‘வார்’ அடைவினுள் ‘லாக்’ அடைவிலுள்ள ஆப்ட் வரலாற்றுக் கோப்பைப் படித்தல் வேண்டும். எத்தொகுப்பு எப்பொழுது நீக்கப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும்.

நிறுவுதல் இடையில் நின்றதே பழுதாயின், டிபிகேஜி கட்டளையால் எஞ்சிய தொகுப்புகளை அமைவு செய்து, பின்னர் ஆப்ட் கட்டளையின் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ விருப்பத்தைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் சீராகும். தொகுப்புப் பதிவேடே சிதைந்திருப்பின், ‘வார்’ அடைவினுள் ‘பேக்கப்ஸ்’ அடைவிலுள்ள அதன் முந்தைய படிகள் உதவும்.

நூலகமே இல்லாத நிலையில், யூஎஸ்பி நினைவகத்திலுள்ள மற்றோர் அமைப்பால் கணினியை இயக்க வேண்டும். பழுதுற்ற வட்டை ஓர் அடைவில் ஏற்றி, பயனர் கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் அதே பதிப்பின் நூலகத் தொகுப்பை அவ்வட்டின் வேர் அடைவில் விரிக்க வேண்டும். அடைவுகளைச் சுட்டும் இணைப்புகள் அழியாதவாறு காத்தல் இன்றியமையாதது. அதன் பின்னரே சிஎச்ரூட் கட்டளையால் அவ்வமைப்பினுள் நுழைய இயலும். அங்கு எஞ்சிய தொகுப்புகளை ஆப்ட் வழியே மீண்டும் நிறுவலாம்.

‘பிஸிபாக்ஸ்-ஸ்டாடிக்’ என்னும் தொகுப்பு ‘சி’ நூலகக் கோப்பைச் சாராது இயங்கும். அதனை முன்னரே நிறுவி, மீட்பு யூஎஸ்பி ஒன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஏற்றது. நீக்கும் கட்டளைக்கு இசைவு தருமுன், ஆப்ட் காட்டும் தொகுப்புப் பட்டியலை முழுவதும் படிப்பின் இப்பழுது பெரும்பாலும் நேராது.