மதிப்பெண் குறைந்தாலும் ஆக்குபேஷனல் தெரபி படிக்கலாமா?



பிளஸ் டூ முடிவு வந்ததும், உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச்சு இரண்டு விதமாக எழும். மதிப்பெண் அதிகம் என்றால் மருத்துவம். குறைவு என்றால் "ஏதாவது ஒரு பாராமெடிக்கல்". இந்த "ஏதாவது ஒன்று" என்ற அவசரத்தில்தான் பல குடும்பங்கள் பணத்தையும் பிள்ளையின் ஆண்டுகளையும் இழக்கின்றன. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் வழி இருக்கிறது. ஆனால் எந்த வாசல் மூடியது, எது திறந்திருக்கிறது என்று தெரிந்து நடக்க வேண்டும்.

இது என்ன படிப்பு?

தமிழில் இதைச் செயல்முறை சிகிச்சை, தொழில்சார் சிகிச்சை என்றெல்லாம் சொல்கிறார்கள். பிசியோதெரபி பெரும்பாலும் தசை, மூட்டு, நடை ஆகியவற்றைச் சரிசெய்வதில் கவனம் செலுத்துகிறது. ஆக்குபேஷனல் தெரபி, அந்த மனிதர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பழக்குகிறது. பக்கவாதம் வந்த பெரியவர் ஒரு கையால் பொத்தான் போடுவது, உட்கார்ந்தபடி ஒளு செய்வது, சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிடுவது. ஆட்டிசம் உள்ள குழந்தை வகுப்பில் அமர்ந்து எழுதப் பழகுவது. மனநோயிலிருந்து மீண்டவர் மறுபடி வேலைக்குப் போவது: எல்லாமே இதில் அடங்கும்.

இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அவர்களின் முயற்சியால் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு ஆகியவை அதில் உள்ளன. இத்தகைய பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட நம் வீட்டுப் பெண்களுக்கு உடை அணியவும் குளிக்கவும் பழக்குவதற்கு ஒரு பெண் தெரபிஸ்ட் வந்தால் எவ்வளவு ஆறுதல் என்பதை, அந்த நிலையில் இருந்த குடும்பங்கள் அறியும்.

பெயரில் ஏமாறாதீர்கள்

மருத்துவமனைகளில் "ஓ.டி." என்றால் ஆபரேஷன் தியேட்டர். "ஓ.டி. கோர்ஸில் இடம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது அறுவை அரங்கத் தொழில்நுட்பப் படிப்பாக இருக்கலாம். அது நல்ல படிப்புதான், ஆனால் வேறு படிப்பு. ஆக்குபேஷனல் தெரபிக்கான பட்டம் பி.ஓ.டி. என்று வரும். நான்கு ஆண்டு வகுப்பும், அதன்பின் உள்ளிருப்புப் பயிற்சியும் உண்டு. ஆறு மாதத்தில், ஓராண்டில் "தெரபிஸ்ட்" ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் சான்றிதழ் படிப்புகள் இதற்கு ஈடாகாது.

எதில் குறைவு?

"மார்க் குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதில் மூன்று வேறு கோடுகள் உள்ளன.

முதலாவது, தகுதிக் கோடு. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருக்க வேண்டும். குறைந்தபட்ச சதவீதம் கேட்டால் அதுவும் வேண்டும். இதற்குக் கீழே இருந்தால் எந்தச் சிபாரிசும் செல்லாது. செல்லும் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அரசுக் கலந்தாய்வின் தரவரிசைக் கோடு. தகுதி உள்ள எல்லோருக்கும் இடம் கிடைக்காது, வரிசையில் முன்னால் இருப்பவருக்கே கிடைக்கும். இங்கே நமக்கு ஒரு உரிமை உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழக அரசு 3.5 சதவீத இட ஒதுக்கீடு தந்துள்ளது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, தூதேகுலா, அன்சார், மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதில் வருகிறார்கள். சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முடிவு வரும் முன்பே பார்த்துவிடுங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி, இருந்த இடத்தையும் விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, நுழைவுத் தேர்வும் தனிச் சேர்க்கையும். ஒடிசாவின் கட்டாக் அருகிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனங்கள் பொது நுழைவுத் தேர்வு நடத்தி பி.ஓ.டி. இடங்களை நிரப்பி வந்துள்ளன. அத்தகைய தேர்வில் பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும். வரிசையைத் தீர்மானிப்பது தேர்வு. பள்ளித் தேர்வில் சறுக்கிய பிள்ளைக்கு இது இரண்டாவது வாய்ப்பு. தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கையும் வேறு வழிகள்.

2021இல் வந்த தேசியச் சட்டம், ஆக்குபேஷனல் தெரபி உள்ளிட்ட துறைகளை ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்து, பொது நுழைவுத் தேர்வுக்கும் இடம் தந்திருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாண்டு முன் சேர்ந்த முறையை நம்பாமல், இந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள்.

இடம் கிடைத்தால் போதுமா?

போதாது. முதல் ஆண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல் வரும். பிறகு நரம்பியல், எலும்பு மருத்துவம், மனநலம், குழந்தை வளர்ச்சி. பாடம் ஆங்கிலத்தில். மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இயற்பியல் கணக்கு என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். உயிரியலே பிடிக்கவில்லை என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் எலும்பு, தசை, நரம்பு மண்டலம் பற்றிய பாடங்களைப் பிள்ளை இரண்டு வாரம் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடி, அத்தாவிடமோ உம்மாவிடமோ சொந்த வார்த்தையில் விளக்கட்டும். விளக்க முடிந்தால் அடித்தளம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை, கையிலும் காலிலும் உள்ள எலும்புகளின் ஆங்கிலப் பெயர்களை இந்த விடுமுறையிலேயே பழகட்டும். கூடவே, அருகில் உள்ள குழந்தைகள் தெரபி மையத்தில் அனுமதி பெற்றுச் சில நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பயிற்சியை ஒரு குழந்தைக்கு நூறு முறை சொல்லித்தரும் பொறுமை வேண்டிய வேலை இது. அது தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே சொல்லிவிடும்.

பணம்

நிர்வாக இடத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன், முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். எல்லா ஆண்டுக்கும், விடுதி, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் காலம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாத "நன்கொடை" கேட்பது தமிழகத்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நகையை வட்டிக்கு வைத்து முதல் ஆண்டைக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் பிள்ளையை நிறுத்தும் நிலை வரக்கூடாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு, மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஏழைக் குடும்பங்கள் ஜகாத் நிதியைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஜமாஅத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இந்த ஆண்டு முடியாவிட்டால்

நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு ஒழுங்காகத் தயாராவது அவமானம் இல்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு பணியாற்றுவதுதான் விருப்பம் என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்புகளும், உளவியல் பட்டமும் உள்ளன.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. பட்டத்தின் முழுப் பெயர் என்ன?
2. எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? இந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா?
3. பயிற்சிக்கு நோயாளிகள் வரும் மருத்துவமனை எது?
4. மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது உண்டா?
5. பிள்ளை வேலையை நேரில் பார்த்து, தானாகச் சம்மதித்ததா?

ஐந்துக்கும் தெளிவான பதில் கிடைத்தால், குறைந்த மதிப்பெண்ணோடும் துணிந்து சேருங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள். இன்ஷா அல்லாஹ், வேறு வழி திறக்கும். நம் பிள்ளைகளின் கல்வியை அவர்களுக்கும் மக்களுக்கும் பயனுள்ளதாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.